மலையா, மரமா

புளத்கொகுபிட்டிய போகும் வழியில் மழை. சாலையில் விழுந்த மரத்தை அறுக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி மண்மேட்டின் கீழ் ஒதுங்கி நிற்கிறோம். திடீரென யாரோ சிங்களத்தில் "கந்த!" என்று கத்துகிறார்.

சிங்களத்தில் மலைக்கும் அடிமரத்துக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான். நடுவிலுள்ள 'ந்' அழுந்தினால் மலை, தேய்ந்தால் மரம். படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் காதுக்கு அது பிடிபட்டதே இல்லை.

பக்கத்தில் நின்ற தேயிலைத் தோட்டத்து அக்கா என்னை இழுக்கத் திரும்புகிறார். அதற்குள் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நின்ற இடத்தில் மண் சரிந்து விழுகிறது.

"சிங்களம் சரியா வெளங்காதுன்னீங்க. மலைன்னு எப்படிங்க தெரிஞ்சிச்சு?" மூச்சிரைக்கக் கேட்கிறார்.

"தெரியலை அக்கா. ரெண்டையும் ஒருதடவை சொல்லுங்க."

சொல்கிறார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன.