பிசிறு என்று எடுத்துப்போட்டது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் லோகேஷ் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "கூரை நகருமே, அந்த வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். புழக்கடையில் துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதன் கூரை நிஜமாகவே நகரும். செவிலிமேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கிறிஸ்டோபர், பெரிய பங்களா கேட்டுகளுக்குப் போடுகிற இரும்புச் சக்கரங்களை அதற்குப் பொருத்திக் கொடுத்தார். ஒரு கையால் தள்ளினால் போதும், கூரை பின்னால் போய்விடும். உள்ளே சிமெண்ட் தூண்மேல் ஒரு டெலஸ்கோப் நிற்கும், அதற்கு மேலே வானம்.

லோகேஷ் பட்டு நெசவாளி. அவருடைய அப்பா கலியாணசுந்தரமும் அதே வீட்டில் இன்னொரு தறியில் நெய்கிறார். மனைவி மஹாலட்சுமி புடவையில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சக்கரத்தில் தாராகச் சுற்றிக் கொடுப்பார், அவசரம் என்றால் தறியிலும் உட்காருவார். பகலெல்லாம் லோகேஷுக்குப் புடவை, பொழுது சாய்ந்தால் கேலக்ஸி. நம் சூரியனைப் போலக் கோடிக்கணக்கில் நட்சத்திரங்கள் கூடி வாழ்கிற ஊர் ஒவ்வொரு கேலக்ஸியும். அவற்றைப் படம் பிடிக்கிற கிறுக்கு பத்து வருஷத்துக்கு முன்னால் பிடித்தது.

செவிலிமேட்டு மைதானத்தில் சில ஆர்வலர்கள் டெலஸ்கோப் வைத்து சனி கிரகத்தைக் காட்டினார்கள். லோகேஷ் பார்த்தார். பார்த்துவிட்டு வரிசையின் வாலுக்குப் போய் மறுபடி நின்றார். அடுத்த தடவையும் அப்படியே. கடைசியில் டெலஸ்கோப்காரரே, "அண்ணே, வளையம் எங்கயும் போயிடாது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் நின்று சிரித்தவர்தான் கிறிஸ்டோபர். அன்றைக்குப் பிடித்த சிநேகம் இன்றைக்கும் விடவில்லை.

தெருவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை என்று சொன்னால் அது தெருவுக்கு அநியாயம் செய்வதாகும். அவர்களுக்கு வேண்டிய விதத்தில் விளங்கியது. சனிப் பெயர்ச்சி வந்தால் நாலு பேராவது வீட்டுக்கு வந்து, எந்த ராசிக்கு எப்படி என்று கேட்பார்கள். சனி நல்லாத்தான் இருக்கிறார், வளையத்தைக்கூடக் கழற்றவில்லை என்று லோகேஷ் சொல்லி அனுப்புவார். தெரியாதவனிடம் வந்து கேட்டோமே என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

அவருக்கு ஓர் ஆசை உண்டு. அவர் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்பார்களே தவிர, யார் நெய்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அது அப்படித்தான் என்று பார்த்து வளர்ந்தவர். ஆனால் வானத்து விஷயத்திலும் அப்படியே போய்விட மனசு ஒப்பவில்லை. வானத்தை ஆராய்கிறவர்கள் ஒரே ஒரு தடவையாவது, காஞ்சிபுரத்து லோகேஷ் எடுத்த படம் எங்களுக்கு உதவியது என்று சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறது என்றால் போதாது, உதவியது என்று சொல்ல வேண்டும். இதை மஹாலட்சுமியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

கேலக்ஸியை ஒரே கிளிக்கில் எடுத்துவிட முடியாது. ஐந்து ஐந்து நிமிஷமாக ஏராளமான படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போதுதான் உருவம் திரண்டு வரும். ஊடை ஊடையாகப் புடவை வளர்கிற மாதிரிதான் இதுவும் என்பார் லோகேஷ். அந்தப் பொறுமை அவருக்குப் பிறவியிலேயே வந்தது.

இந்த வருஷம் பங்குனி உத்திரம் முடிந்து, கோயில் பக்கம் கட்டிய சீரியல் விளக்குகளைக் கழற்றி, நிலவும் தேய்ந்த பிறகு கூரையைத் தள்ளினார். கன்னி ராசிப் பக்கம் ஒரு சுருள் கேலக்ஸி இருக்கிறது. வருஷா வருஷம் அதை எடுப்பார். போன வருஷத்துப் படம் கூடத்துச் சுவரில், மஹாலட்சுமி தார் சுற்ற உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. நாள் முழுக்க அவர் கண்ணில் படுவது அதுதான்.

சாப்பிடக் கூப்பிட வந்த மஹாலட்சுமி, லேப்டாப்பில் அப்போதுதான் வந்து விழுந்திருந்த படத்தைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, ஓரத்துல ஒரு புள்ளி இருக்குது? போன வருசம் இல்லியே."

சொல்லிக்கொண்டே காட்டுவதற்குக் குனிந்தார். தோள் டெலஸ்கோப்பில் இடித்தது. அடுத்த படம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. லோகேஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு படம் பாழ் என்று கத்தினார். புள்ளியாவது ஒன்றாவது, இது பழைய கேமரா, சூட்டில் இப்படிப் பொறி பொறியாகத்தான் தெறிக்கும் என்று எரிந்து விழுந்தார். மஹாலட்சுமி தோளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

கேமராவைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. செகண்ட் ஹாண்டில் வாங்கியது, வெயில் காலத்தில் இல்லாத புள்ளியெல்லாம் காட்டும். படங்களை அடுக்கி முடித்ததும் அந்தப் பொறிகளை ஒவ்வொன்றாக நீக்குவது லோகேஷுக்குப் பிடித்த வேலை. தறியிலிருந்து அறுத்தெடுத்த புடவையை வெளிச்சத்தில் விரித்து, இடுக்கியால் பிசிறு எடுப்பார்களே, அந்த வேலைதான். ஒரு பிசிறு மிச்சமிருந்தாலும் வாங்குகிறவர் விரல் அதில்தான் போய் நிற்கும். இந்தத் தெருவில் சின்ன வயசிலிருந்தே கண்ணைப் பழக்கியது அதற்குத்தான். மறுநாள் மத்தியானம் மௌஸைப் பிடித்து, கேலக்ஸியின் ஓரத்தில் இருந்த புள்ளியையும் சேர்த்து எடுத்துப்போட்டார். படம் பளிச்சென்று வந்தது. லேப்டாப்பில் இடமில்லாததால், அடுக்கி முடித்த மூலப் படங்களை வழக்கம்போல அழித்துவிட்டார். வானம் பார்க்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்டதும், எவ்வளவு சுத்தம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

சில நாள் கழித்து, தறியில் இருக்கும்போது கிறிஸ்டோபரின் போன் வந்தது.

"லோகேஷு, உன் கேலக்ஸில ஒண்ணு வெடிச்சிக்கினு இருக்குதாம்பா. குரூப்பைப் பாத்தியா?"

பார்த்தார். ஜப்பானில் ஒருவர் அந்தக் கேலக்ஸியில் புதிதாக ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்திருந்தார். ஆயுள் முடிந்த ஒரு நட்சத்திரம் வெடித்து, அந்த நட்சத்திர ஊரையே வெளிச்சமாக்குகிற நிகழ்ச்சி அது. அதற்கு முந்தைய இரவுகளில் அந்தப் பக்கம் படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் அனுப்பும்படி ஆராய்ச்சியாளர்கள் கேட்டிருந்தார்கள். வெடிப்பு எப்போது தொடங்கியது என்று கணக்கிட அது வேண்டுமாம். அழகுபடுத்திய படம் வேண்டாம், கேமராவிலிருந்து வந்தபடியே வேண்டும் என்று எழுதியிருந்தது.

லோகேஷ் எடுத்தது அந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டு இரவு முன்னால். லேப்டாப்பைத் திறந்து தன் படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். சுத்தமாக இருந்தது. பத்து வருஷமாகக் காத்திருந்தது வாசலுக்கு வந்து நின்றிருக்கிறது, தானே இடுக்கியால் எடுத்து வெளியே போட்டிருக்கிறோம் என்று புரிந்தபோது அவருக்கு அழுகை வந்தது. போய்த் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, ஊடை ஓட்டுகிற நாடாவைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டார்.

தறிச் சத்தம் நின்றால் இந்த வீட்டில் உடனே தெரிந்துவிடும். மஹாலட்சுமி வந்து கேட்டார். லோகேஷ் எல்லாவற்றையும் சொன்னார். புள்ளியைப் பற்றிச் சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்க மஹாலட்சுமிக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் கேட்டது வேறு.

"கழிவுன்னு ஒண்ணு தனியா வச்சிருப்பீங்களே, அதுல பாத்தீங்களா?"

பட்டு நெய்கிற வீட்டில் அறுந்த இழையை யாரும் குப்பையில் போடுவதில்லை. பக்கத்தில் ஒரு பை தொங்கும், அதில் சேரும். லோகேஷ் லேப்டாப்பிலும் அப்படி ஒரு பை வைத்திருந்தார். நல்ல படங்கள் அடுக்குக்குள் போய்விட்டன, அவற்றின் வேலை தீர்ந்தது, அதனால் அழிக்கலாம். ஆடிப்போனது, விமானம் குறுக்கே போனது எல்லாம் இன்னும் எதுவாகவும் ஆகவில்லை, அவற்றை எப்படி எறிவது? உலகமே நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை அழிக்கும்போது இவர் மட்டும் தலைகீழாகச் செய்கிறார் என்று கிறிஸ்டோபர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். கேலிக்கு உரியதுதான், தறிக்கு வெளியே எங்கும் செல்லாத நியாயம் அது.

அந்த இரவின் கழிவில் ஒரே ஒரு படம் இருந்தது. மஹாலட்சுமி தோளால் இடித்த படம். டெலஸ்கோப் அசைந்ததில் ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டிரண்டாக விழுந்திருந்தது. லோகேஷ் கேலக்ஸியின் ஓரத்தைப் பெரிதாக்கினார். அந்தப் புள்ளியும் இரண்டாக இருந்தது. கேமராவின் பொறி கேமராவோடு சேர்ந்தே ஆடும், அதனால் படத்தில் ஒற்றையாகவே நிற்கும். வானத்தில் இருப்பதுதான் இரட்டையாகும். இடிபடாத படமாக இருந்திருந்தால்கூட, இது நட்சத்திரம்தானா என்று ஒருத்தர் சந்தேகம் கிளப்பியிருக்கலாம். இதில் அதற்கும் இடமில்லை. அவர் மஹாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார், கலியாணசுந்தரம் பக்கத்துத் தறியில் இருக்கிறார் என்பதைக்கூட மறந்துபோய்.

அன்றைக்கே போனில் மொழிபெயர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். புள்ளியை முதலில் பார்த்தது மனைவி, பிசிறு என்று நினைத்து நீக்கியது நான், ஆடிய படத்துக்குக் காரணமும் மனைவிதான் என்று எழுதினார். பதில் வர ஒரு வாரம் ஆனது. படம் கணக்குக்கு மிகவும் உதவியது, இரண்டு பெயரையும் குறிப்பிடுவோம் என்று இருந்தது. உதவியது என்ற அந்தச் சொல்லை லோகேஷ் கிறிஸ்டோபருக்கு வாசித்துக் காட்டினார், அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார், பிறகு தனக்குத்தானே வாசித்துக்கொண்டார். கலியாணசுந்தரம் எல்லாம் கேட்டுவிட்டு, நட்சத்திரம் வெடிப்பது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று மட்டும் விசாரித்தார். ஆகும் என்றார் லோகேஷ்.

மஹாலட்சுமிக்குத் தன் பெயரைத் திரையில் பார்த்ததில் வெட்கமும் சந்தோஷமும் இருந்தது. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்தார். பத்து வருஷத்துப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. வேறு வேறு கேலக்ஸிகள், ஒன்றில்கூட ஒரு பிசிறு கிடையாது. லோகேஷுக்கு அதில்தான் பெருமை.

"இதுல எல்லாம் எத்தினி எடுத்துப் போட்டிருப்பீங்க?"

குறை சொல்லும் குரலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லோகேஷ் எழுந்து வந்து, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார். கடைசிப் படத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"ஞாபகம் இல்ல மஹா" என்றார் பிறகு. "பிசிறுன்னு நெனச்சத யாரு ஞாபகம் வச்சிக்கிறாங்க."