கிழியாத பாய்

சண்டைக் காலத்தில் அரசாங்கம் மண்ணெண்ணெய்க்குத் தடை போட்ட பிறகு கொழும்புத்துறையில் வள்ளங்களின் இயந்திரங்கள் வளவுக்குள் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தன. என் கணவர் உரப்பைகளைத் தைத்துப் பாய்மரத்துக்குப் பாயாக்கிக் கடலுக்குப் போனார். கிழமை தவறாமல் அது கிழியும். தைப்பது நான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து ஊசியை எறிந்துவிட்டேன். நெசவு நிலையத்தில் வேலை செய்கிறவளின் புருசனுக்கு உரப்பையிலா பாய்?

நிலையத்துக்குப் பொறுப்பான அக்கா மிஞ்சிக் கிடந்த தடித்த நூலைத் தந்தார். எந்த நெசவு என்பதுதான் பேச்சு.

"சாதா நெசவு காத்துக்கு நிண்டு பிடிக்காது பிள்ளை. ட்வில் போடு. காற்சட்டைத் துணி லேசிலை கிழியிறதே?"

நியாயமாகத்தான் பட்டது. ட்வில்லில் துணி முழுக்கக் கோடு சரிந்து ஓடும். அதற்கு, பாவு நூலைத் தூக்கும் நான்கு விழுதுகளும் இரண்டிரண்டாக மாறி மாறி எழும்பும்படி மிதிகளோடு கயிறு கட்டவேண்டும். ஒரு முடிச்சு இடம் மாறினாலும் கோடு உடையும். தறிக்கு அடியில் படுத்துக் கிடந்து கட்டினேன். கோடு உடையவில்லை. எனக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. துணியை நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தோம்; அசையவில்லை. நேராகத்தான் இழுத்தோம். மூலைக்கு மூலை இழுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாடைக் காற்று வீசிய ஒருநாள் விடிய அவர் அந்தத் துணியைப் பாயாகக் கட்டிக்கொண்டு போனார். மத்தியானம் வரவேண்டியவர் வரவில்லை. வள்ளம் மண்டைதீவுப் பக்கம் போகிறது என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அங்கே ஆமி இருந்தது. கிட்டப் போனால் சுடுவார்கள். எனக்கு அழக்கூட வரவில்லை.

"பாய் கிழிஞ்சு போச்சோ?" என்று ஒருவர் கேட்டார்.

"அது கிழியாது" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு வெடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் குந்தினார்கள். நான் நின்றபடியே நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பொழுதுபடக் கோல் ஊன்றி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆளுக்கு ஒன்றுமில்லை. வள்ளத்தின் விளிம்பில், அவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வெடி பட்டுப் பலகை பிய்ந்திருந்தது. பாயை இழுத்து விரித்தேன். ஒரு நூல் அறவில்லை. ஆனால் கோணலாக இழுபட்டு, சாக்குப் போலத் தொங்கியது. அதற்குள் காற்று நிரம்பி, வள்ளம் திருப்பின பக்கம் திரும்பாமல் காற்றோடேயே போயிருக்கிறது.

"இப்ப சரிவரும், இப்ப சரிவரும் எண்டு கயித்தை இழுத்துக்கொண்டு இருந்தன்" என்றார். "கிழிஞ்சிருந்தால் முன்னமே கோலை எடுத்திருப்பன்."

"கழட்டிக் கடலுக்குள்ளை எறிஞ்சிருக்கலாமே?"

அவர் இடுப்பில் தோய்ந்திருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நீ நெய்தது. எறிய மனம் வரேல்லை."