அவிழ்க்காத பை

மகள் லெசோத்தோவுக்குப் போன அந்த ஜூன் மாதம் முழுவதும் நான் பத்திரிகையின் வானிலைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். உலக நகரங்களின் பட்டியலில் அவள் இருந்த ஊர் இல்லை. நாலு பக்கமும் தென்னாபிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு அது. ஆகவே ஜொகானஸ்பேர்க்கின் வெப்பநிலையைப் பார்த்து, மலை என்பதற்காக ஐந்து பாகை குறைத்துக்கொள்வேன். இங்கே லண்டனில், எங்கள் டூட்டிங் பகுதியில், எல்லோரும் யன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே குளிர்காலம்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்திருந்தாள். இனி வேலைக்கு விண்ணப்பிப்பாள் என்று நான் இருக்க, இரண்டு வருடம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராகப் படிப்பிக்கப் போகிறேன் என்றாள். முதல் எட்டு வாரம் பயிற்சி. ஒவ்வொருவரும் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி மொழியையும் அந்த இடத்துச் சீவியத்தையும் பழகவேண்டும். யார் நிற்கலாம், யார் திரும்பவேண்டும் என்பதைப் பயிற்சியாளர்கள் முடிவுசெய்வார்கள்.

அவளுடைய தாய் இறந்து நான்கு வருடம். வேறு பிள்ளை இல்லை. போகவேண்டாம் என்று நான் வாய்திறந்து சொல்லவில்லை. வேறு வழிகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். மலேரியா வரும் என்றேன். அந்த மலையில் நுளம்பே இல்லை என்று புத்தகத்தைக் காட்டினாள்.

அவள் போன பிறகு மரக்கறிக் கடைக்காரர், வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சனமெல்லாம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு லண்டனுக்கு ஓடி வருது. உங்கட மகள் இஞ்சயிருந்து ஓடுறா. அண்ணை, உங்கட சமையல் அவ்வளவு மோசமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் காசு கொடுத்த கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

வாரத்துக்கு இரண்டு விமானக் கடிதங்கள் வந்தன. மூலை வரைக்கும் எழுதியிருப்பாள். குளிக்க ஒரு வாளித் தண்ணீர்தான். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு கேத்தல் சுடவைத்து அதில் கலக்கவேண்டும். முதலில் தலை, பிறகு உடம்பு, கடைசியில் கால். மிஞ்சியதில் நிலத்தைத் துடைப்பது. வழியில் யாரைக் கண்டாலும் முதலில் வணக்கம் சொல்லி, எப்படி எழும்பினீர்கள் என்று கேட்கவேண்டும். கேட்காமல் பாதை விசாரித்த ஓர் ஆங்கிலப் பையனுக்கு யாரும் பதில் சொல்லவில்லையாம். சோளமாக் களியைக் கையால் உருட்டிக் கீரையோடு சாப்பிட மற்றவர்கள் திண்டாடினார்கள். இவள் மட்டும் வீட்டில் புட்டுச் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் குளியல் தொட்டிக்குள் ஒரு வாளியை வைத்துக்கொண்டு அவள் எழுதிய ஒழுங்கிலேயே குளித்துப் பார்த்தேன். காலுக்குத் தண்ணீர் போதவில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் துவாயோடு கொஞ்சநேரம் நின்றேன்.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை காலை, தொலைபேசி அடித்தது. பயிற்சி நிலையத்து அலுவலகத்திலிருந்து எடுத்திருந்தாள். நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்டது.

"அப்பா, ஒரு பிரச்சினை. பயப்பிடாதேங்கோ," என்றாள். நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா பயிற்சியாளரிடம் போய் அழுதிருக்கிறார். இந்தப் பிள்ளை வந்த நாளிலிருந்து பையை அவிழ்க்கவில்லை. கடவுச்சீட்டு அதற்குள். சப்பாத்து எப்போதும் கதவைப் பார்த்தபடி. சாப்பாட்டில் குறையா, படுக்கையில் குறையா, என் வீட்டில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறார். பயிற்சியாளரோ, இவளுக்கு இங்கே ஒட்டவில்லை, வீட்டுக்குப் போக விரும்புகிறாள், அதைச் சொல்லத்தான் தயங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம்.

"நீ என்ன சொன்னனீ?"

"பழக்கம் எண்டன். அவைக்கு விளங்கேல்ல."

பழக்கம் என்னுடையது. கொழும்புக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது அவளுக்குப் பத்து வயது. பின்மதிலால் ஏறிக் குதித்த எங்களிடம் ஒரு கடதாசிகூட இருக்கவில்லை. நான் யார், என்ன படித்தவன் என்று நிரூபிக்க லண்டனில் எத்தனையோ வருடம் போனது. அன்றிலிருந்து எங்கள் கட்டில்களுக்குக் கீழே ஆளுக்கொரு பை இருக்கும்: பத்திரங்கள், ஒரு மாற்றுடுப்பு, டோர்ச், பிஸ்கற். பள்ளிக்கூட நாட்களில் ஞாயிறுதோறும் அவளுடைய பையை நானே பார்ப்பேன். விமான நிலையத்திலும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்: பை கட்டினபடியே இருக்கட்டும். அறிவுரை என்றுதான் நினைத்தேன்.

"ஒருநாள் அவிழ்த்துப் பாத்தன், அப்பா. நித்திரை வரேல்ல. எழும்பித் திரும்பக் கட்டிப்போட்டன்."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். அடுத்த வாரம் அவள் ஹீத்ரோவில் வந்து இறங்கிவிடுவாள். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். அந்த நினைப்பு வந்தது. வந்து சிறிது நேரம் நின்றது. இதை மறைத்து எழுத முடியாது.

"அப்பா, நிக்கிறியளோ?"

"ஓம். அந்த அம்மா கிட்ட நிக்கிறாவோ?"

"வெளியில மரவாங்கில இருக்கிறா."

"பிழை அவவின்ர வீட்டில இல்லை, உன்ர தகப்பனில எண்டு சொல்லு. வீடு எரிஞ்சதையும் சொல்லு. பிறகு அவவுக்கு முன்னாலயே உடுப்பை எல்லாம் எடுத்து வெளியில வை."

"பாஸ்போட்?"

"அதையும் அவவிட்டையே குடு. பூட்டி வைக்கட்டும்."

"நீங்களோ இப்பிடிச் சொல்லுறியள்?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். வைத்த பிறகும் கையைத் தொலைபேசியிலிருந்து எடுக்க நேரமாயிற்று.

அடுத்த கடிதம் வரப் பதினெட்டு நாள் ஆனது. அரைப் பக்கம்தான். அந்த அம்மா அவளுடைய உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துத் தன் தகரப் பெட்டியில் வைத்தாராம். வீடு எரிந்த கதையைக் கேட்டுத் தன் போர்வையை எடுத்து இவள் தோளில் போட்டாராம். பயிற்சியாளர்கள் நிற்கச் சொல்லிவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பதும் முடிவாகிவிட்டது.

அங்கே தங்கும் பிள்ளைக்கு வீட்டுக்காரர் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைப்பது வழக்கமாம். மற்றவர்களுக்கு முதல் வாரமே வைத்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. இப்போது வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் அடியில் அந்தப் பெயரை முதலிலும், நாங்கள் வைத்ததை அதற்குக் கீழேயும் எழுதிக் கையொப்பம் இட்டிருந்தாள்.

அந்தப் புதுப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். எது சரி என்று சொல்ல என் வீட்டில் யாரும் இருக்கவில்லை.