நான் தேர்ந்தெடுத்த ஆடுகள்

நான் பொய்யன். ஆராய்ச்சி என்ற பெயரில் ஆடுகளை வைத்துப் பொய் சொன்னவன்!

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கால்நடை மருத்துவன் நான். நல்லவன் என்று நினைத்திருப்பீர்கள்... மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

மேற்படிப்பில் எனக்குத் தரப்பட்ட வேலை இது. மயக்கத்தில் கிடக்கும் ஆட்டின் இரத்தத்தை வடித்து, அதன் இரத்த ஓட்டத்தைச் சரியவிட வேண்டும். பிறகு நரம்பு வழியாகச் சில ஆடுகளுக்குச் சாதாரண சலைன். மற்றவற்றுக்குப் புதிதாக வந்த மாவுச்சத்துக் கரைசல். எது உயிரை மீட்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த ஆட்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் குலுக்கவில்லை.

வடக்கனந்தலில் ஆடு மேய்த்த குடும்பம் என்னுடையது. கீழிமையை இழுத்துப் பார்த்தாலே திடமானது எது, நோஞ்சான் எது என்று தெரிந்துவிடும். இமையின் உட்புறம் சிவந்திருந்த திடமானவற்றைப் புதுக் கரைசலுக்கு ஒதுக்கினேன். வெளுத்தவற்றைச் சலைனுக்குத் தள்ளினேன். ஏன்? பேராசிரியர் எதிர்பார்த்த முடிவு வந்தால் பட்டம் சீக்கிரம் கிடைக்கும்... எவ்வளவு அற்பமான ஆசை! புதுக் கரைசல் ஜெயித்தது. போகப்போக நானே அதை நம்பிவிட்டேன்!

சென்ற மழைக்காலத்தில், கல்வராயன் மலையில் முனியம்மாவின் வெள்ளாடு குட்டிகளை ஈன்றபின் உதிரம் கொட்டிச் சாய்ந்து கிடந்தது. அவர் வீட்டுக்கு அந்த ஆடுதான் ஆதாரம். உதிரத்தை நிறுத்தினேன். பையில் இரண்டு பாட்டில்களும் இருந்தன. மாவுச்சத்தையே ஏற்றினேன். ஆடு எழுந்து நின்றது. பெருமையோடு மலை இறங்கினேன்.

அதன்பின் அதற்குச் சிறுநீர் பிரியவே இல்லை. சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனது. அந்தக் கரைசல் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று மற்றவர்கள் எச்சரித்ததை நான் படித்துத்தான் இருந்தேன். என் ஆடுகள் பிழைத்தனவே என்று ஒதுக்கிவிட்டேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சாரு? ஒசத்தி மருந்தாதான போட்டீங்க. அது ஆயுசு அவ்ளோதாங்க," என்றார் முனியம்மா.

ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன். என்ன மனிதன் நான்?

சலைன் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்குமா? தெரியவில்லை... அதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை ஆடுகள் இரத்தம் சிந்தின!

போன வாரம் மறுபடி அழைத்தார். தாயில்லாக் குட்டிகளில் ஒன்று கழிச்சல் கண்டு சுருண்டு கிடந்தது. சலைனை எடுத்து மாட்டினேன். முனியம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் போட்ட அதே ஒசத்தி மருந்துதானங்க சாரு?"

"அதேதாம்மா," என்றேன்.