தலைப்பிள்ளை பிறந்த ஊர்

"இந்தச் சாமியாருக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்த வாத்தியாரப் பிடிச்சு ரெண்டு போடணும்" என்று சொல்லிக்கொண்டே பிரம்மநாயகி அக்கா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறார். மடிக்கணினித் திரையில், நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்திய அயர்லாந்துக் கோயில் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு. பாதிரியார் எழுதிய மை ஊறிப் பரவிக் கிடக்கிறது. அக்கா அதைப் பெரிதாக்கி, தலையைச் சாய்த்து, வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வருகிறது. அதெல்லாம் அத்தான் பாடு. அத்தான் என்பது அவர் கணவர் பூதலிங்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

பாளையங்கோட்டையில் எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். காலையில் பேப்பர் இரவல் வாங்கப் போனால், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலோ கால்வே மாவட்டத்திலோ யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். எல்லாம் எங்கள் பூட்டன் காலத்துச் செய்தி. அக்கா சொல்லும்போது நேற்று எதிர்வீட்டில் நடந்தது மாதிரி இருக்கும்.

ராதாபுரம், வள்ளியூர் என்று ஊர் ஊராய்ப் பத்திரப்பதிவு அலுவலகங்களில் வேலை பார்த்தவர் அக்கா. வில்லங்கம் பார்க்காமல் யாரையும் நம்பமாட்டார். முருங்கைக்கீரை கொண்டுவரும் மாரிக்கண்ணுவிடம்கூட, மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்று விசாரித்த பிறகே கீரைக்கட்டைக் கையில் வாங்குவார். கூடத்துச் சுவரில் பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டித் தம் குடும்பத்தின் வம்ச மரத்தை வரைந்திருக்கிறார். ஆதாரம் உள்ள பெயர் மையில். ஆதாரமில்லாதது பென்சிலில். அத்தானின் பாட்டனார் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, அதில் அத்தானுக்கு மனத்தாங்கல்.

அயர்லாந்து இந்த வீட்டுக்குள் வந்தது மகள் விஜயஸ்ரீ வழியாக. அவளும் அவள் கணவனும் கால்வே நகரத்தில் ஒரு மாடியில் குடியிருக்கிறார்கள். கீழே வீட்டுக்காரி நோரா. எண்பது வயது, தனியாள். வீடியோவில் விஜியோடு பேசும்போது அவரும் வந்து எட்டிப்பார்ப்பார். அப்படி ஒருநாள் தம் தாத்தா பேட்ரிக்கைப் பற்றிச் சொன்னார். தாத்தாவின் தம்பி தங்கைகள் எல்லாருக்கும் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. மூத்தவரான அவருக்கு மட்டும் இல்லை. அரசாங்கம் பிறப்பைப் பதிய ஆரம்பித்ததற்கு முந்தியே பிறந்துவிட்டதால் அங்கேயும் வழியில்லை. குடும்ப வரலாறு எழுதிய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், எங்கிருந்தோ எடுத்து வளர்த்த பிள்ளையாக இருக்கும் என்று முடிவுகட்டி, பேட்ரிக் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அச்சடித்தே கொடுத்துவிட்டாராம். "நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனா?" என்று நோரா கண்கலங்கியதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு சர்வே நம்பரக் காணோம்னா நெலம் எங்கயும் ஓடிப்போயிராது தம்பி. பக்கத்து ஊர்க் கணக்குல கெடக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்தான்.

பழைய ஆங்கிலக் கையெழுத்தெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லத்தீன்தான் புதிது, அதையும் நாலு வார்த்தை பழகிக்கொண்டார். நூறு வருஷத்துக்கு முன்பு டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்துபோனது என்று படித்த அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ரெக்கார்டு ரூம் பக்கத்துல பீடி பத்தவச்சாலே நான் வெரட்டி அடிப்பேன். அங்கன ஆரும் இல்லாமப் போயிட்டாவளே!" என்று புலம்பினார். சறுக்கியதும் உண்டு. மூன்று வாரம் பாடுபட்டு பேட்ரிக்கின் தாய் பிரிஜித்தாவின் கல்யாணத்தைக் கண்டுபிடித்தார். பார்த்தால் அவள் வேறு பிரிஜித்தா. "தப்பான பொண்ணுக்குல்லா தாலி கட்ட வச்சுட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு இந்த ஊர்ல ஒரு மச்சினன். இவளுக்கு அயர்லாந்துல அம்பது கொழுந்தன்" என்பார் அத்தான்.

இதற்கு நடுவில் விஜிக்கு ஆறு மாதம். தலைப்பிள்ளை. மகள் ஊருக்கு வந்துவிடுவாள் என்று அக்கா பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். வம்ச மரத்தில் விஜிக்குக் கீழே ஒரு கட்டம் வரைந்து, பெயர் எழுதாமல், 'பிறந்த ஊர்: பாளையங்கோட்டை' என்று பென்சிலில் எழுதியும் ஆயிற்று. அவளோ வேலை, லீவு, டாக்டர் என்று காரணங்களை அடுக்கினாள். "எம்மா, நீ இங்க வாயேன்" என்றாள்.

"மருமவன் வீட்டுல போயிக் குத்தவச்சுப் பேறுகாலம் பாக்கவா? நாலுபேரு என்ன பேசுவா?" என்று அக்கா போனை வைத்துவிட்டார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் முகம் வாடி நான் பார்த்தேன். எனக்கும் கஷ்டமாக இருந்தது. "தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வராத பொண்ணு எந்தச் சீமையிலயாவது உண்டுமா தம்பி?"

கேட்டவர் அப்படியே நின்றார். மூக்குக்கண்ணாடி தானாக மூக்குக்கு வந்தது.

"அந்தப் பிரிஜித்தா மட்டும் எங்க போயிருப்பா?"

எனக்கு விளங்குவதற்குள் அவர் மடிக்கணினி முன்னால் இருந்தார். கத்தோலிக்கச் சாமியார்கள் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். பேட்ரிக்கின் தம்பி தங்கைகளுடைய பதிவுகளின்படி பிரிஜித்தா மேனியன் வீட்டுப் பெண். நிலவரிக்காக அந்தக் காலத்தில் எடுத்த குத்தகைக்காரர் கணக்கில் மேனியன்கள் எங்கே என்று தேடினார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நிலம் வைத்திருந்தார்கள். அந்த ஊர்க் கோயிலின் பதிவேட்டைத் திறந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் சுவருக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"கெடச்சுட்டான் தம்பி! பேட்ரிக்கு! அப்பன் மார்ட்டின், ஆத்தா பிரிஜித்தா. ஞானஸ்நானத்துல பிள்ளையத் தூக்கி நின்ன ஞானத்தாய்கூட மேனியன் வீட்டுக்காரிதான். தலைப்பிள்ளைய அம்மா வீட்டுல போயிப் பெத்திருக்கா மவராசி!"

நோரா அன்று வீடியோவில் அழுத அழுகையையும் சிரித்த சிரிப்பையும் நானும் பார்த்தேன். அண்ணன்காரர் கேள்விக்குறியை எடுக்கச் சம்மதித்துவிட்டார். இது எப்படி உங்களுக்குத் தோன்றியது என்று நோரா கேட்க, விஜி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அம்மாவின் கோபத்தையும் சேர்த்தே சொன்னாள். நோரா ஏதோ வேகவேகமாகப் பேசினார். அந்த உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. விஜிதான் தமிழில் சொன்னாள்.

"எம்மா, மாடிதான் மருமவன் வீடாம். கீழ்வீடு அவுக வீடாம். அங்கன உனக்கு ஒரு ரூம் ஒழிச்சுப் போடுதாவளாம். பேறுகாலம் முடியுத மட்டும் அதுதான் எனக்குத் தாய்வீடுன்னு சொல்லுதாவ."

அத்தான் அடுப்படியிலிருந்து, "சொதிக் கொழம்பு வைக்க நான் பழகிக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்று சத்தம் கொடுத்தார்.

அக்கா எழுந்து சுவரோரம் போனார். விஜிக்குக் கீழே இருந்த கட்டத்தில் 'பாளையங்கோட்டை'யை ரப்பரால் அழித்து, தூசியை வாயால் ஊதினார். மேஜைமேல் பென்சில் இருந்தது. அதை எடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அத்தானின் சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை உருவிக்கொண்டு வந்து, 'கால்வே' என்று எழுதினார்.