கையால் திறந்த வாசல்

எங்கள் பகுதிக்கு இன்டர்நெட் இணைப்பு தரும் கேபிள்காரரை ஒரே பகலில் மூன்று முறை கம்பத்தில் ஏற்றியவன் நான். மூன்று முறையும் கம்பத்தில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் லேப்டாப்பில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், லேப்டாப்புக்கு முன்னால் லுங்கியோடு உட்கார்ந்திருந்தது.

செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே நான் பார்க்கும் வேலை, கிளவுட் சர்வர்களுக்கு நெட்வொர்க் அமைப்பது. எங்கோ இருக்கும் வாடகை சர்வரைச் சுற்றி மதில் கட்டி, யாருக்கு எந்த வாசல் என்று முடிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் கையால் செய்யக் கூடாது. ஒரு கோப்பில் நிரலாக எழுதி ஓட்டிவிட்டால் அதுவே கட்டிக்கொள்ளும். கோப்பில் இருப்பது நிற்கும், இல்லாததை இடித்துவிடும். "கையால ஒண்ணையும் தொடாதீங்க" என்று கூட வேலை செய்பவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

கடைத்தெருவில் இருக்கும் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்தக்கடை, என் வாடிக்கையாளர். மூட்டையை எடை போட்டதும் எடை சர்வருக்குப் போய் ரசீது வரும். அந்தப் பகலுக்கு மூன்று வாரம் முன்பு மண்டிக்காரர் அவசரப்படுத்தினார் என்று, அவருடைய இணைப்புக்கான வாசலை மட்டும் இணையப் பக்கத்தில் போய்க் கையாலேயே திறந்துவிட்டேன். கோப்பில் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்தச் சாயங்காலம் என்று நினைக்கவில்லை.

கம்பம் ஏற்றிய அன்று காலை வேறு ஏதோ சின்ன மாற்றத்துக்காகக் கோப்பை ஓட்டினேன். எதைக் கட்டப் போகிறது, எதை இடிக்கப் போகிறது என்று முதலில் பட்டியல் காட்டும். படித்துவிட்டு 'யெஸ்' அடிக்க வேண்டும். 'ஒன்று அழிக்கப்படும்' என்று கடைசி வரியில் இருந்தது. நான் தட்டில் கடைசியாகக் கிடந்த வடையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

பத்து நிமிடத்தில் மண்டிக்காரர் போன் செய்தார்.

"இன்னா சார் இது? ரசீது வர்ல. வல்லத்துலருந்தும் தொண்டூர்லருந்தும் மூட்ட வந்து நிக்குது."

என்ன நடந்திருக்கும் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: "கேபிள் லைன்ல பிராப்ளமா இருக்கும்."

அத்தோடு விட்டேனா? உடனே சரிசெய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அக்கறை வழியும் முகத்தோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மண்டிக்கே போனேன். மண்டிக்காரர் கூப்பிட்ட கேபிள்காரர் ஏற்கெனவே ஒருமுறை ஏறி இறங்கியிருந்தார். தன் போனை மண்டி வைஃபையில் போட்டு நீட்டினார்.

"அண்ணே, பாருங்க, வீடியோ ஓடுது. லைன் நல்லாத்தான் இருக்குது."

"வீடியோ வர்ற வழி வேற, சர்வர் வழி வேற" என்றேன். இப்படி ஒரு பொய்யை என் தொழிலில் எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

அவர் மறுபடி ஏறினார். இறங்கினார். வெயில் தலைக்கு மேல் நின்றது. மண்டிக்காரர் மூட்டைக்காரர்கள் எல்லார் முன்னாலும் கத்தினார்: "இன்னாய்யா லைன் வச்சிருக்க? நாளைக்கே வேற கேபிள் மாத்திடறேன். இந்த வரிசைக் கடைக்கெல்லாம் சொல்லிடறேன்!"

அந்த வரிசைதான் கேபிள்காரரின் பிழைப்பு. அவர் ஏணியை மூன்றாம் முறை சாத்தினார்.

அவர் மேலே இருக்கும்போதே நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, திறக்க வேண்டிய வாசலைக் கோப்பில் எழுதி ஓட்டினேன். ஐந்தே வரி. ரசீது மெஷின் கரகரவென்று பேச ஆரம்பித்தது.

"வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"பாத்தியா? இத மொதல்லயே ஒழுங்கா முறுக்க இன்னா கேடு?" என்றார் மண்டிக்காரர்.

கேபிள்காரர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. "நான் இன்னும் எதையும் தொடவே இல்லண்ணே. ஏறித்தான் நின்னேன். நெஜமா இன்னா ஆச்சு?"

மண்டிக்காரரும் திரும்பிப் பார்த்தார். "அது வந்து... செக்யூரிட்டி குரூப்ல ஒரு ரூல், கோடுக்கு வெளியில இருந்ததால, டிரிஃப்ட் ஆகி..."

"தமிழ்ல சொல்லுண்ணே."

"வாசல சாத்தனது நான்தான். லைன்ல ஒண்ணும் இல்ல. தெரிஞ்சேதான் உன் மேல போட்டேன்."

"எனக்குக் கம்பம் ஏறத் தெரியாதே, அதான் உன்ன ஏத்தினேன்" என்று ஒரு ஜோக் வேறு அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மண்டிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் லைனே இருக்கட்டும்பா" என்று கேபிள்காரரிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இப்போதும் என் வீட்டில் நெட் போனால் அவர்தான் வருகிறார். வாசலிலேயே நின்று, ஏணியைக் கீழே வைக்காமல், சிரிக்காமல் கேட்கிறார்: "அண்ணே, லைன்தானா?"

நான் உள்ளே போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன்.