மேல் வீட்டு லைவ்

அவனியாபுரத்தில் எங்களுடையது மாடி வீடு. கீழே நாங்கள், மேலே என் வீட்டுக்காரரின் தம்பி குடும்பம். அந்தத் தம்பி பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, என் தலைக்கு மேலே நின்றுகொண்டு என் வாடிக்கைக்காரர்களுக்கே சேலை விற்றாள். அவளோடு நான் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சலித்துவிட்டது. ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன்.

போனில் லைவ் எல்லாம் வருவதற்கு முன்னால் நான் சேலைப் பை தூக்கினவள். விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்தக் கடையில் சரக்கு எடுப்பேன். ஆஸ்பத்திரி நர்ஸுகள், பள்ளிக்கூட டீச்சர்கள், ஏர்போர்ட் பக்கம் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் என்று அலைந்து விற்பேன். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. பஸ்ஸில் பையைக் காலுக்கடியில் வைத்தால் கண்டக்டர் திட்டுவார், மடியில் வைத்தால் பக்கத்து சீட்டுக்காரி திட்டுவாள். என் இடது தோள் இன்றைக்கும் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, நான் விற்கிற தெருவுக்குள் இன்னொருத்தி பையோடு வந்தால் அவளை எனக்குத் தெரியும். நேருக்கு நேர் பார்த்து முறைத்துக்கொள்வோம். அவள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள், அல்லது நான் போவேன்.

கொரோனா அடைப்பில் பை மூலைக்குப் போனது. சரக்கு வீட்டில் கிடந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் நம்பரையெல்லாம் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்தேன். அடைப்பு முடிந்தும் பையை எடுக்கத் தேவைப்படவில்லை. ஒரு பேஜ் போட்டு, மதியம் பாத்திரம் கழுவிய கையோடு லைவ் போக ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஒரு கம்பியை வளைத்து ஜன்னலில் போன் நிற்பதற்குத் தாங்கி செய்து கொடுத்தார். போனுக்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்திக் கத்திப் பேசுவேன். சொந்தக்காரர்கள் நாலு பேர் பார்த்துவிட்டு இதயம் போட்டுவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் ஓரகத்தியைக் கீழே கூப்பிட்டேன். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண். டிகிரி படித்திருக்கிறாள். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மேலே சும்மா இருந்தாள். ஒடிசலான உடம்பு. மட்டமான சேலையும் அவள் தோளில் போட்டால் எடுபட்டது. "நீ சும்மா நில்லு, நான் பேசிக்கிறேன்" என்றேன். அவளும் நின்றாள். பார்க்கிற கூட்டம் கூடியது. கொஞ்ச நாளில் கமெண்டில், "அந்தச் சின்ன அக்காவைப் பேசச் சொல்லுங்க" என்று வர ஆரம்பித்தது. பேசினாள். நான் சேலையை எடுத்துக் கொடுக்கிற ஆள் ஆனேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளுக்கு நல்ல சேலையாக எடுத்துக் கொடுத்தேன். அது பத்தாது என்றால் அப்போதே கேட்டிருக்கலாம். வாய் இருந்ததே. ஊருக்கே பேசுகிற வாய்.

ஒரு நாள் தலைவலி என்று வரவில்லை. மறுநாள் மகனுக்குக் காய்ச்சல் என்றாள். அதற்கடுத்த நாள் மதியம் என்னிடம் ரொம்ப நாளாக வாங்குகிற ஒரு நர்ஸ் போன் செய்தார்.

"என்னக்கா, பேரை மாத்திட்டீங்களா? புதுப் பேஜ்ல உங்க தங்கச்சி மட்டும் வர்றாங்க?"

தேடி எடுத்தேன். முதலில் அவள் குரல் என் வீட்டு மேற்கூரையிலிருந்து மெதுவாக வந்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து அதே வார்த்தை என் கையிலிருந்த போனிலிருந்து வந்தது. "செல்லங்களா, இந்த வெந்தயக் கலரப் பாருங்க." மேலே ஒரு வெந்தயக் கலர், கையில் ஒரு வெந்தயக் கலர். முந்தின நாள் நான் காட்டி, நாளைக்குச் சொல்கிறேன் என்று மூன்று பேர் சொல்லி வைத்திருந்த அதே டிசைன் சேலை. அவள் சொன்ன விலை என்னுடையதைவிடக் குறைச்சல்.

படியேறிப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்னடி இது?"

"வியாபாரம்க்கா."

"இதுல இருக்கிறதெல்லாம் யாரு கஸ்டமரு?"

"போன்ல இருக்கிறவுக எல்லாத்துக்கும் பொதுதானக்கா. நீங்களும் வந்து பாருங்கன்னு சொல்றீக, நானும் சொல்றேன். பிடிச்சவுக வாங்கிட்டுப் போறாக."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீகளா?"

விட்டிருக்க மாட்டேன்தான். அதற்காகத் தலைவலி, மகனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதா? காய்ச்சல் என்ற பையன் மூலையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும், "பொம்பளைங்க விவகாரம், நாம ஏன்" என்று டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மாமியார் காலையில் கீழே சாப்பிட்டார், ராத்திரி மேலே சாப்பிட்டார். இரண்டு வீட்டிலும் மற்ற வீட்டைக் குறை சொன்னார். நான் மூன்று மணிக்கு லைவ் போனால் அவளும் மூன்று மணிக்குப் போவாள். நான் இரண்டரைக்கு மாற்றினால் அவள் இரண்டே காலுக்கு. மொத்தக் கடைக்காரரிடம் போய் முறையிட்டேன். முன்பெல்லாம் எனக்குக் கொடுத்த டிசைனை அந்தப் பக்கத்தில் வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார். இப்போது, "யக்கா, படத்தக் குரூப்புல போட்டுருவேன். யாரு மொதல்ல கேக்குறாகளோ அவுகளுக்கு. அம்புட்டுத்தான்" என்றார்.

என் லைவில், பேருக்குப் பக்கத்தில் ரோஜாப்பூப் படம் வைத்த யாரோ, 'போன தடவ வாங்குனது சாயம் போச்சு' என்று எழுதினார்கள். யார் என்று எனக்குத் தெரியும். நானும் என் சித்தி மகளை விட்டு மேல் வீட்டு லைவில் எழுத வைத்தேன். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வாங்குகிறவர்கள் மட்டும் யோக்கியமா? வீடு தேடிப் போய் விற்றபோது பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் அனுப்பக் கூச்சப்படுவார்கள். ஒரு டம்ளர் மோராவது கொடுப்பார்கள். போனில் வந்ததும் அந்தக் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. வளைகாப்புக்கு உடுத்திவிட்டு, மடித்து, 'கலர் வேற மாதிரி இருக்கு சிஸ்' என்று திருப்பி அனுப்புவார்கள். பிரித்தால் அக்குள் பக்கம் பவுடர் வாசனை அடிக்கும். மாடியில் அவள் போட்ட படத்தை எனக்கே அனுப்பி, 'இவங்க கம்மியா தர்றாங்களே சிஸ்' என்பார்கள். சிஸ்ஸாம். கூடப் பிறந்தவளிடம் இப்படிப் பேரம் பேசுவார்களா?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் திருமங்கலத்திலிருந்து அந்தம்மா வந்தார். மதிய வெயில். டூவீலரை வீட்டுக்காரர் ஓட்ட, பின்னால் பார்சல் கவரை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருந்தார். நான் கதவைத் திறந்ததும் கவரை என் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"பிளாக் பண்ணிட்டா ஆளு வரமாட்டாகன்னு நெனச்சியா? பாரு, இந்த அட்ரஸ்தான?"

கவரில் எங்கள் கதவு எண்தான் இருந்தது. மேலா கீழா என்று இல்லை. மகள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த சேலையாம். முந்தானையில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டுக் கிடந்தது. கேட்டதற்கு முதலில் பதில் இல்லை, பிறகு மாடியில் விற்றவள் நம்பரையே தடுத்துவிட்டாளாம்.

நான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். மேலே போய் அவளை மட்டும் கூப்பிட்டுப் பேச வைத்திருக்கலாம். செய்யவில்லை. மேலிருந்து "செல்லங்களா" கேட்டுக்கொண்டிருந்தது. விரலை மேலே நீட்டி, "வித்தவ அங்க இருக்கா. ஏறிப் போங்க, கதவு தொறந்துதான் கெடக்கும்" என்றேன். அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னாலேயே நானும் ஏறினேன்.

அந்தம்மா நேராகப் போனுக்கு முன்னால் போய் நின்று சேலையை விரித்துக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்கங்க. இந்தக் கிழிசலத்தான் இவ புதுசுன்னு விக்கிறா."

ஓரகத்தி லைவை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு கணம்கூடத் தடுமாறாமல் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "செல்லங்களா, இது நம்ம சேலையே இல்ல. கீழ் வீட்ல விக்கிறவுக அனுப்புனது. அட்ரஸ் ஒண்ணுங்கிறதால நம்ம பேரு கெடுது."

அதற்குப் பிறகு நானும் போனுக்கு முன்னால் போய்விட்டேன். காய்ச்சல் பொய்யில் ஆரம்பித்து, கல்யாணத்தில் அவள் அப்பா போடுவதாகச் சொல்லிப் போடாத வளையல்வரை போனேன். அவள், மாமியாருக்கு நான் பழைய சோறு போடுகிறேன் என்றாள். நான் அவள் கையிலிருந்த சேலையைப் பிடுங்க, அவள் இழுக்க, மூலையில் இருந்த அட்டைப் பெட்டிகள் சரிந்தன. திருமங்கலத்து அம்மா சுவரோரமாக ஒதுங்கிவிட்டார். "எங்களுக்குச் சேலைய மட்டும் மாத்திக் குடுத்துருங்கத்தா, நாங்க போயிர்றோம்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். ஓரகத்தி கைக்கு வந்த ஒரு பட்டுச் சேலையை அவர் மேல் எறிந்தாள். அதைச் சுருட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் இறங்கிப் போனார்கள்.

அதன் பிறகுதான் போனைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் எந்த நாளிலும் வராத கூட்டம் அதில் இருந்தது. சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: 'அந்தப் பெரியம்மா கட்டியிருக்கிற காட்டன் சேலை என்ன விலை?'

பெரியம்மா என்றது என்னை.

அந்தச் சண்டையை யாரோ பதிவு செய்து குரூப் குரூப்பாகச் சுற்ற விட்டார்கள். என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் கூட வேலை பார்க்கிறவரே காட்டியிருக்கிறார். அவர் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் லைவ் போனால் ஆட்கள் வந்தார்கள். சேலை கேட்கவில்லை. 'இன்னைக்கு சண்டை இல்லையா?' என்று கேட்டார்கள். 'மேல இருக்கிறவங்களக் கூப்பிடுங்க' என்றார்கள். நான் சேலையை மடித்து வைத்துவிட்டு அணைத்துவிட்டேன். மேலேயும் சத்தம் நின்றது. அவளுக்கும் அதே கதிதான் என்று நினைத்துக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

விற்காமல் கிடந்த சரக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் விளக்குத்தூணுக்குப் போனேன். கடை வாசலில் ஆளில்லை. மாடிக் குடோனிலிருந்து வெளிச்சம் வந்தது. ஏறிப் போனேன். வட்ட விளக்கு, பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு போன்கள். நடுவில் என் ஓரகத்தி, ஜாக்கெட்டில் குட்டி மைக் குத்திக்கொண்டு, "செல்லங்களா" என்கிறாள். எங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிற விலையைச் சொல்லி, ஒற்றைச் சேலை விற்கிறாள். என்னைப் பார்த்தாள். பார்க்காததுபோல அடுத்த சேலையை எடுத்தாள்.

கடைக்காரர் என்னைக் கீழே அழைத்துவந்தார்.

"அண்ணே, எங்களுக்குக் குடுக்குற வெலைக்கே நீங்க போன்ல வித்தா நாங்க எங்க போறது?"

"யக்கா, சூரத்துக்காரன் அங்கேருந்தே நேரா வாங்குறவுக வீட்டுக்கு அனுப்புறான். அதுக்கு நான் யார்கிட்டப் போயிக் கேக்குறது?"

"அதுக்கு இவதான் கெடச்சாளா?"

"சண்ட வீடியோவப் பாத்துத்தான் கூப்பிட்டேன். கோவத்துலகூட போன்ல மொகம் நல்லா விழுகுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் வாங்களேன். ரெண்டு பேரும் சும்மா அப்பப்ப லேசா முட்டிக்கிட்டா, கூட்டம் பிச்சுக்கும்."

அவருக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரக்கை மாற்றாமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர், "அந்தப் பைய உள்ள தள்ளுங்கம்மா" என்றபோது அவரிடமும் சண்டை போட்டேன்.

இப்போது நான் சேலை விற்பதில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, சேலைக் கீழ்க்கரைக்கு ஃபால்ஸ் துணி அடித்து, முந்தானை ஓரம் முடிந்து கொடுக்கிறேன். ஓரகத்தி தினமும் காலையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போகிறாள். படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தருக்கொருத்தர் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறோம். மாமியார் சமரசம் பேச வந்தார். அவரையும் சேர்த்துத் திட்டி அனுப்பினேன்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் பேங்க் வேலையில் இருக்கிற பெண் மூன்று சேலை கொண்டுவந்தாள். மூன்றும் அந்தக் கடை லைவில் எடுத்தவை.

"உங்க தங்கச்சி எவ்வளவு அழகாப் பேசுறாங்கக்கா! கோவமே வராது போல. வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல பேசுறதில்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்திருப்பாள். அளவு பார்க்கச் சேலையைப் பிரித்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் அவள் முகம் தெரிகிற அளவுக்கு நெசவு விட்டிருந்தது. நாலு தடவை உடுத்தினால் கிழியும். நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.